பார்ப்போர் கணக்கும் பார்ப்போர் உரிமையும்

கிரானில் விளையாட்டுக் கழகத்தாரும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை



கிரிக்கெட்டைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிந்தவுடன் உங்களிற் சிலர் முகம் சுளித்திருக்கலாம். காணிப் பிரச்சினை இருக்கிறது. நீர்ப் பிரச்சினை இருக்கிறது. அறுவடைக் காலத்தில் நெல்லின் விலை விழுவதும், விதைப்புக் காலத்தில் உரத்தின் விலை ஏறுவதும் ஆண்டுதோறும் நடக்கின்றன. இவற்றை யெல்லாம் விட்டுப் பந்தையும் மட்டையையும் பேச வந்தனரே என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் நம் வீடுகளிலிருந்து நாள்தோறும் ஒரு பொருள் எடுத்துச் செல்லப்படுகிறது. அதற்கு விலை உண்டு. அவ்விலை கோடிக் கணக்கில் உண்டு. கொடுப்பவருக்கு ஒரு சதமும் இல்லை. கொடுக்கிறோம் என்ற நினைவும் இல்லை. அப்பொருள் நம் கண்பார்வை.

2022 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை, ஐ.பி.எல். போட்டிகளை ஒளிபரப்பும் உரிமையை ஏலத்தில் விட்டது. 2023 முதல் 2027 வரையுள்ள ஐந்து ஆண்டுகளுக்கு, 410 ஆட்டங்களுக்கு, அது பெற்ற தொகை 48,390 கோடி இந்திய ரூபா. வகுத்துப் பார்த்தால் ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 118 கோடி. பதினொருவரும் பதினொருவரும் மூன்றரை மணி நேரம் ஆடுவதற்கா இவ்வளவு? அந்நேரத்தில் அவர்களைப் பார்த்துக் கொண்டிருக்கும் கண்களை விளம்பரக்காரரிடம் விற்கலாம் என்ற எதிர்பார்ப்புக்கே அத்தொகை கொடுக்கப்படுகிறது.

கண்களை எவ்வாறு எண்ணுகிறார்கள்? நெல் விற்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வியாபாரி நூறு மூடையையும் அவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பதில்லை. மூடையைக் குத்தி ஒரு பிடி நெல்லை எடுத்து, உள்ளங்கையிற் தேய்த்து, பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்து விலை சொல்கிறான். அந்த ஒரு பிடியே முழுக் குவியலுக்கும் சாட்சி. தொலைக்காட்சிக் கணக்கும் அத்தகையதே. இந்தியாவில் இக்கணக்கை எடுக்கும் பார்க் என்னும் நிறுவனம் 2020 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 44,000 வீடுகளில் மானிகளை வைத்திருந்தது. தொலைக்காட்சியுள்ள வீடுகளோ சுமார் 20 கோடி. ஆகவே ஒரு வீடு நாலாயிரத்து ஐந்நூறு வீடுகளுக்காகச் சாட்சி சொல்கிறது. ஒளிபரப்பின் ஒலியோடு காதுக்குக் கேளாத ஓர் அடையாளத்தைக் கலந்து விடுகிறார்கள். மானி அதைப் பிடித்து, எந்த நிமிடத்தில் எந்தச் சானல் ஓடிற்று என்று பதிகிறது. வீட்டிலுள்ளோர் பார்க்க அமரும்போது தத்தமக்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். இதுவே டி.ஆர்.பி. என்று எல்லாரும் சொல்லும் கணக்கின் அடித்தளம். பத்து வினாடி விளம்பரத்தின் விலை இதிலிருந்தே பிறக்கிறது.

மாதிரி எடுப்பதில் தவறில்லை. பிடித்த பிடி நேர்மையானதாக இருந்தால் குவியலைப் பற்றிய முடிவும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மூடையின் வாயில் மட்டும் நல்ல நெல்லை வைத்துக் கட்டினால்? 2020 ஒக்டோபரில் மும்பாய்ப் பொலிசார் வெளியிட்ட குற்றச்சாட்டு ஏறக்குறைய அதுவே. மானியுள்ள சில வீடுகளுக்கு மாதம் சில நூறு ரூபா கொடுத்து, குறித்த சானல்களை ஓடவிட்டு வைக்கச் செய்தனர் என்பது அவர்கள் கூற்று. அக்குற்றச்சாட்டு விளையாட்டுச் சானல்களைப் பற்றியதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். செய்திச் சானல்களின் வாராந்தக் கணக்கு நிறுத்தப்பட்டு, 2022 மார்ச்சிலேயே மீண்டும் வெளிவந்தது. வழக்கோ 2024 இல் மராட்டிய அரசாலேயே மீளப் பெறப்பட்டது. குற்றம் நடந்ததா, இல்லையா என்று எந்த நீதிமன்றமும் இறுதியாகத் தீர்க்கவில்லை. சட்டம் படித்தவர்க்கு இவ்வாறான முடிவு எப்போதும் வாயிற் கசப்பை விட்டுச் செல்லும்.

இன்று கைத்தொலைபேசியிற் பார்ப்போர் பெருகிவிட்டனர். 2023 நவம்பர் 19 ஆம் நாள் அகமதாபாத்தில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தை ஒரே வேளையில் 5 கோடியே 90 இலட்சம் பேர் தனது தளத்திற் பார்த்ததாக ஹொட்ஸ்டார் அறிவித்தது. அதே ஆண்டு ஐ.பி.எல். இறுதியாட்டத்தை 3 கோடியே 20 இலட்சம் பேர் பார்த்ததாக ஜியோசினிமா அறிவித்தது. இவ்வெண்கள் மெய்யாகவே இருக்கலாம். ஆனால் எண்ணியவர் யார்? விற்பவரே எண்ணினார். களத்தில் நெல்லை விற்பவனே மரைக்காலையும் பிடித்து, அவனே 'ஒன்று, இரண்டு' என்று கூவினால், எந்த வியாபாரி வாய்மூடி நிற்பான்? பின்னர் 2024 நவம்பரில் அந்த இரு தளங்களின் உரிமையாளரும் ஒரே நிறுவனமாக இணைந்தும் விட்டனர். களத்தில் இப்போது மரைக்கால் ஒன்றே.

கணக்கு மெய்யாகவே இருக்கட்டும். அக்கணக்கு எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதே இன்று நாம் ஆராய வேண்டியது.

2013 மே 16 ஆம் நாள் ராஜஸ்தான் அணியின் வீரர் மூவர், பந்துவீச்சில் முன்கூட்டியே பேசிவைத்து ஓட்டம் கொடுத்தனர் என்ற குற்றச்சாட்டில் டெல்லிப் பொலிசாரால் கைது செய்யப்பட்டனர். எட்டு நாட்களின் பின் சென்னை அணியின் அதிகாரியொருவர், பந்தயம் கட்டினார் என்று மும்பாயிற் கைதானார். அவர் யார்? அணியின் சொந்தக் கம்பனியான இந்தியா சிமெண்ட்சின் நிருவாக இயக்குநரும் இந்தியக் கிரிக்கெட் சபையின் தலைவருமாகிய என். சீனிவாசனின் மருமகன் குருநாத் மெய்யப்பன். இவ்வளவும் நடந்த பின், மே 26 ஆம் நாள் இறுதியாட்டம் குறித்தபடி நடந்தது, அதே சென்னை அணி ஆடிற்று, மக்கள் பார்த்தனர். மானி அதையும் எண்ணிற்று. பார்த்தவன் நம்பிப் பார்த்தானா, சந்தேகத்தோடு பார்த்தானா, அடுத்த பந்தில் எவன் விலைபோவான் என்று பரிகசித்துப் பார்த்தானா என்று மானிக்குத் தெரியாது. பொத்தான் ஒன்றே இருக்கிறது.

அன்பு வேறு, நம்பிக்கை வேறு. சென்னை அணி இரண்டாண்டு தடைக்குப் பின் 2018 இல் மீண்டபோது, காவிரி நீர்ப் போராட்டம் காரணமாக அதன் ஆட்டங்கள் புனே நகருக்கு மாற்றப்பட்டன. இரசிகர்கள் சிறப்பு இரயிலேறி அங்கும் சென்றனர். அத்தகைய அன்பை நாம் இகழவில்லை. அதே சென்னையில் 2013 ஆம் ஆண்டு இலங்கை வீரர் எவரும் ஆடலாகாது என்று முடிவானதையும், அதற்குரிய அரசியற் காரணத்தையும் நாம் அறிவோம். விளையாட்டில் அரசியல் இல்லை என்போர் அதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. நாம் சொல்ல வந்தது இதுவே: அன்புடையவன் ஏமாற்றப்பட்ட பின்னும் வருவான். அவன் வருவதைக் காட்டி, 'பாருங்கள், ஒரு குறையும் இல்லை' என்று சொல்வது அவனை இரண்டாம் முறை ஏமாற்றுவதாகும்.

நம்பிக்கை முற்றாகப் போனால் அன்பும் போகும் என்பதற்குத் தைவான் சான்று. அங்கே தொழில்முறைப் பேஸ்போல் மக்கள் உயிராக நேசித்த ஆட்டம். 1996 முதல் வெளிப்பட்ட சூதாட்ட ஊழல்களால் மைதானங்கள் வெறுமையாயின. அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. 2008 இறுதியில் நான்கு அணிகளே எஞ்சின. அமெரிக்கர் இப்பாடத்தை அதற்கு முன்னரே கற்றிருந்தனர். 1919 ஆம் ஆண்டின் இறுதித் தொடரை விலைக்குத் தோற்றனர் என்ற வழக்கில் சிக்காகோ அணியின் வீரர்களை 1921 இல் ஜூரி விடுதலை செய்தது. மறுநாளே, லீக்குகளின் ஆணையாளராயிருந்த நீதிபதி லாண்டிஸ் எண்மரையும் ஆயுள் முழுவதும் விலக்கினார். தண்டனை கொடுக்கச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட சாட்சி வேண்டும். பார்ப்போரின் நம்பிக்கையைக் காக்க வேறோர் அளவுகோல் வேண்டும் என்பது அவர் கொண்ட நிலை. தனிமனிதர்க்கு அது கடுமையானது என்பதே நமது எண்ணம். ஆயினும் இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்று அவர் கண்டது சரியே.

இனி, இந்த உரையின் நடுப்பொருளுக்கு வருவோம். சென்னை அணி விவகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றவர் யார்? மும்பாயா, டெல்லியா, பணம் படைத்த எந்தச் சங்கமாவதா? இல்லை. பீகார் கிரிக்கெட் சங்கம். 2000 ஆம் ஆண்டில் பீகார் பிரிக்கப்பட்டு ஜார்கண்ட் மாநிலம் உருவான பின், பீகாருக்கு ரஞ்சிக் கிண்ணத்தில் ஆடவும் இடமில்லை. ஐ.பி.எல்லில் அதன் பெயரில் அணியும் இல்லை. இத்தகைய சங்கத்துக்கு இவ்வழக்கில் என்ன தகுதி என்று எதிர்த்தரப்பு கேட்டது. ஆயினும் வழக்கு நின்றது. 2015 ஜனவரி 22 ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் டி. எஸ். தாக்கூரும் இப்ராகிம் கலிபுல்லாவும் தீர்ப்பளித்தனர். கலிபுல்லா நம் தமிழ்நாட்டுக் காரைக்குடியைச் சேர்ந்தவர்.

அத்தீர்ப்பு கூறியது என்ன? கிரிக்கெட் சபை அரசின் அங்கமன்று. ஆனால் அது செய்யும் பணி பொதுப்பணி. ஆகவே அது உயர் நீதிமன்றங்களின் பேராணை அதிகாரத்துக்கு உட்பட்டது. சபை நிருவாகிகள் ஐ.பி.எல். அணிகளில் வணிக நலன் வைத்திருக்கலாம் என்று 2008 இற் செய்த விதித் திருத்தம் செல்லாது. மெய்யப்பன் பந்தயம் கட்டியது உறுதி. சீனிவாசன் அதை மூடி மறைத்தார் என்பது நிரூபிக்கப்படவில்லை என்றும் அதே தீர்ப்பு கூறியதை மறைக்காமற் சொல்ல வேண்டும். அவர்மீதிருந்த மறுப்பு வேறு: ஒருவரே சபைக்கும் தலைவர், அணிக்கும் உரிமையாளர். நம்மூர் வழக்கிற் சொன்னால், வட்டைக்கு நீர் பகிர வேண்டிய வட்டவிதானை, தன் வயலுக்கு எத்தனை நாழிகை மடை திறக்கலாம் என்று தானே தீர்மானிப்பது போன்றது. அவர் களவு செய்தார் என்று எவரும் நிரூபிக்க வேண்டியதில்லை. அவ்வாறு இருக்கலாகாது என்பதே வட்டையின் முறை. அத்தீர்ப்பின் வழி அமைந்த லோதா குழு, 2015 ஜூலை 14 இல் சென்னை, ராஜஸ்தான் அணிகளை நடத்திய நிறுவனங்களை இரண்டாண்டு இடைநிறுத்தியது. மூன்றாண்டுகளின் பின் பீகாரும் ரஞ்சிக் கிண்ணத்தில் மீண்டும் ஆடிற்று.

அணியில்லாத ஊரார் கேட்ட கேள்வியினாலேயே அணியுடையோரின் கதவு திறந்தது. கிழக்கிலங்கையில் இருக்கும் நாம் இதை மனதில் இருத்த வேண்டும். லங்கா பிரீமியர் லீக் 2020 இல் அம்பாந்தோட்டையிற் தொடங்கியது. கொழும்புக்கு அணி, கண்டிக்கு அணி, காலிக்கு அணி, தம்புள்ளைக்கு அணி, யாழ்ப்பாணத்துக்கு அணி. கிழக்கு மாகாணத்தின் பெயரில் அணி இல்லை. 2024 வரை நடந்த ஐந்து தொடர்களில் நான்கை யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணியே வென்றது. ஆனால் ஓர் ஆட்டமேனும் யாழ்ப்பாண மண்ணில் நடக்கவில்லை. மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில்தான் ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். பெயரை எடுத்துச் சென்றனர். வெற்றியைத் தொலைக்காட்சியிற் காட்டினர். வெபர் அடிகளார் கூடைப்பந்து கற்பித்து வீரர்களை உருவாக்கிய மட்டக்களப்பின் பெயரையோ எடுத்துச் செல்லவும் எவரும் வரவில்லை.

வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குத் தம்புள்ளையைப் பாருங்கள். 2020 இல் வைகிங், 2021 இல் ஜயண்ட்ஸ், அடுத்த ஈராண்டும் ஓரா, 2024 இல் தண்டர்ஸ். அவ்வாண்டு மே மாதம் தண்டர்ஸ் உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டிற் கட்டுநாயக்காவில் கைதானார், ஒப்பந்தம் ரத்தாயிற்று, சில நாட்களில் வேறொருவர் வாங்கினார், ஜூலை முதலாம் நாள் தொடர் தொடங்கியபோது அணியின் பெயர் சிக்ஸர்ஸ். ஐந்து தொடர்களுக்குள் ஐந்து பெயர்! ஒரு சிறுவன் எந்தப் பெயரைத் தன் சட்டையில் எழுதிக் கொள்வான்? அவ்வாண்டு டிசம்பரில் லங்கா டி10 தொடரிலும் காலி அணியின் உரிமையாளர் கைதானார். கைது குற்றத்தின் நிரூபணம் ஆகாது என்பது நம் தொழிலின் முதற் பாடம். நாம் கேட்பது வேறு: இவர்கள் யார், பணம் எங்கிருந்து வந்தது, எந்தச் சோதனைக்குப் பின் அணி கொடுக்கப்பட்டது என்பவற்றைக் கைதுக்கு முன்னரே மக்கள் அறிய வழியிருந்ததா? 2025 இல் யாழ்ப்பாண, கொழும்பு அணிகளின் ஒப்பந்தங்களும் முடிவுறுத்தப்பட்டன. அவ்வாண்டுத் தொடரே ஒத்திவைக்கப்பட்டது.

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 2019 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டம், விளையாட்டுத் தொடர்பான தவறுகளைத் தடுப்பதற்கென்றே இயற்றப்பட்டது. ஆட்டத்தை விலைபேசுவோருக்குப் பத்தாண்டுவரை சிறை. வீரர், நடுவர், ஆடுகளம் அமைப்போர் எவரையும் அது விடவில்லை. நல்ல சட்டம். ஆனால் அது நோய் வந்தபின் கொடுக்கும் மருந்து. அணியின் கணக்கை, உரிமையாளரின் பெயரை, பார்ப்போர் எண்ணிக்கையைப் பொதுமக்கள் முன் வைக்குமாறு அச்சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை.

பாராளுமன்றம் கட்டாயப்படுத்தலாமே என்றால், 2023 நவம்பரை நினைவுகூர வேண்டும். 2 ஆம் நாள் மும்பாயில் நம் நாட்டு அணி இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குள் சுருண்டது. 6 ஆம் நாள் விளையாட்டுத்துறை அமைச்சர் கிரிக்கெட் நிருவாக சபையைக் கலைத்தார். மறுநாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 9 ஆம் நாள் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒருமுகமாகச் சபை விலக வேண்டுமென்று தீர்மானித்தன. காணிக்கும் மொழிக்கும் ஒருமுறையேனும் இவ்வாறு ஒன்றுபட்டிருந்தால் இத்தீவின் வரலாறே வேறாயிருக்கும்! 10 ஆம் நாள் சர்வதேச கிரிக்கெட் சபை, அரசாங்கத் தலையீடு என்று கூறி இலங்கையை இடைநிறுத்தியது. பத்தொன்பது வயதுக்குட்பட்டோரின் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குச் சென்றது. மாத இறுதிக்குள் அமைச்சரின் பதவியும் சென்றது. தடை 2024 ஜனவரி 28 இல் நீங்கியது.

அமைச்சர் கைவைத்தால் சர்வதேச சபை தடுக்கும் என்பது தெளிவாயிற்று. அமைச்சர் கைவைப்பதை நாமும் விரும்பவில்லை. இன்று கிரிக்கெட்டில் நுழையும் கை நாளை எங்கெங்கு நுழையும் என்பது நமக்குத் தெரியும். எஞ்சியிருக்கும் வழி பார்ப்போரும் கழகங்களும் கேட்பதே. நமது அரசியலமைப்பின் 140 ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் பேராணை வழங்கும் அதிகாரம் உண்டு. 2023 இல் சபையின் தலைவருக்கு உதவிய அந்த வாசல், ஒரு கிராமக் கழகத்துக்கும் திறக்க வேண்டும் என்று வாதாட இடமிருக்கிறது. பீகார்த் தீர்ப்பு இங்குள்ள நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் எடுத்துக்காட்டத் தக்கது. வழக்குக்கு முன்னர் கடிதம் வேண்டும். எழுதிக் கேட்டு மறுக்கப்பட்டோம் என்ற சான்று வேண்டும். அதற்காகவே இன்று கூடினோம்.

இளைஞர்களிடம் ஒரு சொல். பந்தயம் இப்போது நகரத்துப் பந்தயக் கடையில் மட்டும் இல்லை, கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது. விதைநெல்லுக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன், அடுத்த ஓவரில் எத்தனை ஓட்டம் என்ற கேள்வியிற் கரைவதற்கு ஓர் இரவு போதும். இந்தியா 2025 ஆகஸ்டில் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுக்களைச் சட்டத்தால் தடுத்தது. இந்திய அணியின் சட்டையிலிருந்த ட்ரீம் 11 நிறுவனத்தின் பெயரும் அத்தோடு விலகியது. நமது பாராளுமன்றம் அதே மாதத்தில் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபையை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. தடுப்பது வேறு, ஒழுங்குபடுத்துவது வேறு. எது நன்று என்று இன்னொரு நாள் பேசலாம். ஆனால் ஊர்ப் போட்டிக்குச் சட்டை தைத்துத் தருகிறோம் என்று பந்தய நிறுவனத்தின் முகவர் எவரேனும் வந்தால், அச்சட்டையை வாங்காதிருக்க எந்தச் சட்டமும் தேவையில்லை. வெளியூர் நடுவரை அழைத்து, அவர் கையுயர்த்தினால் தோற்றவனும் வாதாடாமல் வெளியேறும் ஒழுங்கை நம் கழகங்கள் இன்றும் காக்கின்றன. கொழும்பிடம் கேள்வி கேட்கும் தகுதியை நமக்குத் தருவது அவ்வொழுங்கே.

கடிதத்தில் உள்ளதைச் சொல்லி விடுகிறோம். எந்தத் தொடரும் தொடங்குமுன் ஒவ்வொரு அணியின் உண்மையான உரிமையாளரும் பணத்தின் மூலமும் வெளியிடப்பட வேண்டும். பார்ப்போர் கணக்கை ஒளிபரப்புவோரோ சபையோ அல்லாத மூன்றாம் தரப்பு எடுக்க வேண்டும். எந்த மாவட்டத்தில் எத்தனை வீடுகள் மாதிரியாகக் கொள்ளப்பட்டன என்பதும் அதில் இருக்க வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மாவட்டங்களின் வீடுகள் கணக்கில் உண்டானால் அணியிலும் மைதானத்திலும் ஏன் இல்லை என்று கேட்போம். கணக்கிலேயே இல்லையானால் அதையும் கேட்போம். பெங்களூரில் 2025 ஜூன் 4 ஆம் நாள் வெற்றி விழாவுக்கு வந்து நெரிசலில் இறந்த பதினொரு பேரையும் கடிதத்தில் நினைவூட்டியிருக்கிறோம். வருவோரை எண்ணத் தெரிந்தவர்க்கு, வருவோரைக் காக்கவும் கடமை உண்டு என்பதற்காக அதைச் சேர்த்தோம். அந்த வரி வேண்டாமென்று நண்பர் சிலர் கூறினர், நாம் உடன்படவில்லை.

கடிதத்தின் மூன்று பிரதிகள் மேசையில் இருக்கின்றன. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் உள்ளன. மூன்றையும் வாசித்து, ஐயமிருந்தால் கேட்டபின் கையொப்பமிடுங்கள். கழகத்தின் பெயர், பதிவிலக்கம், செயலாளரின் ஒப்பம் மூன்றும் வேண்டும். விவசாய அமைப்புக்களின் ஒப்பம் தனித் தாளில். கிரான் பாலத்துக்கு அப்பாலிருந்து வந்தோர் முதலில் ஒப்பமிட்டுப் புறப்படலாம். வானம் இருண்டு வருகிறது, வீதியை வெள்ளம் மூடினால் தோணிக்குக் காத்திருக்க நேரும்.